அரசுத் துறைகளில் சட்டப் பிரிவு: அமைப்பும் பணியும்

மக்கள் நல அரசின் கடமைகள் பெருகப் பெருக, அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே எழும் வழக்குகளும் பெருகுவது இயல்பே. நிலம் எடுத்தல், வரி விதித்தல், ஒப்பந்தம் செய்தல், உரிமம் வழங்குதல், ஊழியர்களை நியமித்தல், ஓய்வூதியம் அளித்தல் ஆகிய ஒவ்வொரு செயலும் எவரேனும் ஒருவருடைய உரிமையைத் தொடுகிறது. உரிமை தொடப்படும் இடத்தில் வழக்கு எழக்கூடும். நாட்டின் நீதிமன்றங்களில் மிகப் பெரிய வழக்காடியாக அரசே விளங்குகிறது என்பது நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வரும் உண்மையாகும். இப்பொருள் குறித்துச் சட்ட ஆணையம் 1984-இல் தனது 100-ஆவது அறிக்கையையும், 1988-இல் 126-ஆவது அறிக்கையையும் அளித்தது.

வழக்கின் வெற்றி தோல்வி நீதிமன்றத்தில் நடைபெறும் வாதத்தால் முடிவாகிறது என்பது பொதுவான எண்ணம். அரசைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. வழக்கறிஞர் நீதிபதியின் முன் நிற்பதற்குப் பல மாதங்கள் முன்னரே, துறை அலுவலகத்தின் கோப்புகளில் வழக்கின் போக்கு பெரிதும் நிர்ணயிக்கப்பட்டு விடுகிறது. உரிய ஆவணம் கிடைத்ததா, உரிய நாளில் அனுப்பப்பட்டதா, உண்மைகள் சரியாக எடுத்துரைக்கப்பட்டனவா, வழக்காட வேண்டிய தேவைதான் உண்டா என்பவை யாவும் அலுவலகத்தில் விடை காண வேண்டிய வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை காண்பதே துறையின் சட்டப் பிரிவுக்கு உரிய பணி.

இப்பணி குறைபட்டால் இழப்பு இரு புறமும் நேர்கிறது. நியாயமான வழக்கைக் காலதாமதத்தால் அரசு இழக்கும்போது, பொதுப் பணம் வீணாகிறது. நியாயமற்ற வழக்கை அரசு விடாப்பிடியாக நடத்தும்போது, ஓய்வூதியத்திற்கோ இழப்பீட்டிற்கோ காத்திருக்கும் எளிய குடிமகன் ஆண்டுக் கணக்கில் அலைக்கழிக்கப்படுகிறான்.

சட்ட அடிப்படை

அரசின் மீது வழக்குத் தொடரலாம் என்பதற்கு அரசியல் சட்டமே இடமளிக்கிறது. 300-ஆவது ஷரத்தின்படி, மத்திய அரசு 'இந்திய ஒன்றியம்' என்னும் பெயரில் வழக்குத் தொடரலாம். அப்பெயரிலேயே அதன் மீது வழக்குத் தொடரவும் படலாம். 299-ஆவது ஷரத்து அரசின் ஒப்பந்தங்களைப் பற்றியது. மத்திய அரசின் ஒப்பந்தங்கள் யாவும் குடியரசுத் தலைவரால் செய்யப்படுவதாகக் குறிப்பிடப்பட்டு, அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவர்களால், அவர் விதித்த முறையில் கையெழுத்திடப்பட வேண்டும். இந்நிபந்தனைகளை நிறைவு செய்யாத ஒப்பந்தம் சட்டப்படி செல்லத்தக்கதாகாது. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவருக்கு அதற்கான அதிகாரம் உண்டா என்பதைச் சரிபார்ப்பது சட்டப் பிரிவின் முதற்கடமைகளுள் ஒன்று.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 79 முதல் 82 வரையிலான பிரிவுகளும், 27-ஆவது கட்டளையும் அரசு தொடர்பான வழக்குகளுக்கே உரியவை. அரசின் சார்பில் வழக்குரையிலும் எதிர்வழக்குரையிலும் கையெழுத்திட, அரசால் நியமிக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு; அவற்றின் உண்மையை உறுதி செய்பவர் வழக்கின் செய்திகளை அறிந்தவராக இருத்தல் வேண்டும். இக்கடைசி நிபந்தனை முக்கியமானது. கோப்பைப் படிக்காமலேயே கையெழுத்திடும் அதிகாரி, தாம் அறியாத ஒன்றிற்கு நீதிமன்றத்தில் உறுதி அளிக்கிறார்.

யார், எங்கே, எவ்வாறு

மத்திய அரசில் சட்ட ஆலோசனைக்கும் வழக்கு நடத்துவதற்கும் பொறுப்பேற்பது சட்ட, நீதி அமைச்சகத்தைச் சேர்ந்த சட்ட விவகாரத் துறை. சட்ட வரைவுகளைத் தயாரிப்பது அதே அமைச்சகத்தின் சட்டமியற்றல் துறையின் பணி. 1957-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைக்கப்பட்ட இந்தியச் சட்டப் பணியைச் சேர்ந்த அதிகாரிகள் இத்துறைகளில் பணியாற்றுகின்றனர். டெல்லியிலுள்ள தலைமையகத்தைத் தவிர மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர் ஆகிய நகரங்களில் சட்ட விவகாரத் துறைக்குக் கிளைச் செயலகங்கள் உள்ளன. உச்ச நீதிமன்ற வழக்குகளை மத்திய முகமைப் பிரிவு கவனிக்கிறது.

நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுபவர்களின் தலைவர் 76-ஆவது ஷரத்தின்படி நியமிக்கப்படும் அட்டர்னி ஜெனரல் ஆவார். அவருக்கு அடுத்த நிலையில் சொலிசிட்டர் ஜெனரலும், கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல்களும், அவர்களுக்குப் பின் பல நீதிமன்றங்களுக்கென அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் குழுக்களும் உள்ளனர்.

இவ்விரு அமைப்புகளுக்கும் நிருவாகத் துறைக்கும் இடையே பாலமாக இருப்பதே துறையின் உட்சட்டப் பிரிவு. ரயில்வே, வருமான வரி போன்ற பெருந்துறைகளில் இப்பிரிவு விரிந்து பரந்தது. தனி வழக்கறிஞர் குழுக்களும் அவற்றிற்கு உண்டு. சிறிய துறையில் ஒரு சட்ட அலுவலரும் இரண்டு உதவியாளர்களுமே முழுப் பிரிவாக இருப்பதும் உண்டு. அளவு எதுவாயினும், செய்ய வேண்டிய பணியின் தன்மை ஒன்றே.

சட்டப் பிரிவு அமைச்சகத்தின் ஆலோசனைக்கு மாற்று அன்று. வழக்கறிஞருக்கும் மாற்று அன்று. அமைச்சகம் சட்டத்தை அறியும். வழக்கறிஞர் நீதிமன்றத்தை அறிவார். துறையின் விதிகளையும் வழக்கங்களையும் கோப்புகளையும் அறிந்திருப்பது சட்டப் பிரிவு மட்டுமே. இந்த மூன்றாவது அறிவு இன்றேல் முதல் இரண்டும் பயன்படா.

அறிவிப்பு என்னும் முதல் வாய்ப்பு

அரசின் மீது உரிமையியல் வழக்குத் தொடர விரும்புபவர், 80-ஆவது பிரிவின்படி முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்பு அளித்து, இரண்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும். மத்திய அரசாயின் துறைச் செயலாளருக்கும், ரயில்வே தொடர்பானதாயின் அந்த ரயில்வேயின் பொது மேலாளருக்கும், மாநில அரசாயின் அதன் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ அறிவிப்பு சேர வேண்டும். அவசர நிவாரணம் தேவைப்படும்போது நீதிமன்றத்தின் அனுமதியுடன் அறிவிப்பின்றியே வழக்குத் தொடர 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் ரிட் மனுக்களுக்கு இப்பிரிவு பொருந்தாது.

இந்த இரண்டு மாத காலம் அரசுக்கு அளிக்கப்பட்ட சலுகை போலத் தோன்றினும், அதன் நோக்கம் வேறு. கோரிக்கையை ஆராய்ந்து, நியாயமானதாயின் ஏற்றுக்கொண்டு, வழக்கையே தவிர்ப்பதற்காக அளிக்கப்பட்ட கால அவகாசம் அது. நடைமுறையில் பல அறிவிப்புகளுக்குப் பதிலே அனுப்பப்படுவதில்லை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்நிலையைக் கண்டித்தது. இத்தகைய அறிவிப்புகளுக்கு விடையளிக்கும் பொறுப்பை ஏற்க, மூன்று மாதங்களுக்குள் ஓர் அதிகாரியை நியமிக்குமாறு எல்லா அரசுகளையும் அது பணித்தது. பதில் அனுப்பாமலோ, ஆராயாது பதில் அனுப்பியோ வழக்கிற்கு வழிவகுத்தால், செலவுத் தொகையை அரசின் மீது விதிக்கலாம் என்பதையும் சுட்டிக்காட்டியது.

திறமையான சட்டப் பிரிவு ஒவ்வோர் அறிவிப்பையும் தனிப் பதிவேட்டில் பதிந்து, இரண்டு மாதம் நிறைவடையும் நாளை அதன் எதிரே குறித்து வைக்கும். கோரிக்கையை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முழுவதும் நியாயமானவை உடனே ஏற்கப்பட வேண்டியவை. ஒரு பகுதி மட்டும் நியாயமானவை பேச்சின் மூலம் தீர்க்கத்தக்கவை. அடிப்படையற்றவை காரணங்களுடன் மறுக்கப்பட வேண்டியவை. காரணம் கூறும் மறுப்புக் கடிதம் பின்னர் எதிர்வழக்குரைக்கே அடித்தளமாக அமையும். எனவே அதைத் தயாரிக்கச் செலவிடும் நேரம் வீணாவதில்லை.

வழக்கு வந்த பின்

அழைப்பாணையோ ரிட் மனுவின் நகலோ கிடைத்த நாளிலிருந்து துறைக்கு நாட்கள் எண்ணப்படுகின்றன. சாதாரண உரிமையியல் வழக்கில் எதிர்வழக்குரைக்கு 30 நாள் அவகாசம் உண்டு. நீதிமன்றம் அதை 90 நாள் வரை நீட்டிக்கலாம். 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்திற்கு உட்பட்ட வழக்கிலோ 120 நாள் கடந்தால் எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் உரிமையே இழக்கப்படும். இவ்வரம்பு கட்டாயமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவுபடுத்தியது. பெரும் ஒப்பந்தத் தகராறுகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை என்பதால், துறைகள் இதில் மிகுந்த விழிப்புடன் இருத்தல் அவசியம்.

வழக்கு நடத்துவதில் துறையின் தலையாய பங்களிப்பு 'பத்திவாரிக் குறிப்புரை' ஆகும். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும், அதிலுள்ள செய்தி ஏற்கப்படுகிறதா, மறுக்கப்படுகிறதா, மறுப்பிற்கு ஆதாரம் எந்தக் கோப்பின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று துறை எழுதித் தரும் விடையே இது. இக்குறிப்புரையைக் கொண்டே வழக்கறிஞர் எதிர் உறுதிமொழி ஆவணத்தை வரைகிறார். "மனுதாரரின் கூற்று தவறானது, எனவே மறுக்கப்படுகிறது" என்று எல்லாப் பத்திகளுக்கும் ஒரே விடை எழுதி அனுப்புவது பெயரளவிலான பணியே. சட்டப்படி, குறிப்பாக மறுக்கப்படாத செய்தி ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படக்கூடும்.

நல்ல குறிப்புரையுடன் நான்கு இணைப்புகள் செல்ல வேண்டும்: நாள் வரிசைப்படி நிகழ்ச்சிகளின் பட்டியல், பொருந்தும் விதிகளும் சுற்றறிக்கைகளும், அவற்றின் திருத்தங்களுடன், தொடர்புடைய ஆவணங்களின் தெளிவான நகல்கள், இதே பொருள் குறித்து முன்னர் எழுந்த வழக்குகளின் தீர்ப்புகள். இவற்றுள் கடைசியானதே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஒரே துறை, ஒரே பொருள் பற்றி, இரு உயர் நீதிமன்றங்களில் இரு வேறு நிலைகளை எடுக்கும் சங்கடம் இதனால் விளைவதே.

துறைக்குப் பாதகமான ஆவணம் கோப்பில் இருப்பின் அதை வழக்கறிஞரிடம் மறைக்கலாகாது. எதிர்த் தரப்பினர் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் அதை முன்னரே பெற்றிருக்கக்கூடும். மறைத்தது வெளிப்படும்போது அந்த ஒரு வழக்கு மட்டுமன்றி, அந்தத் துறையின் எல்லா வழக்குகளும் நம்பகத்தன்மையை இழக்கின்றன.

நாட்கணக்கும் அதன் விலையும்

காலவரம்புச் சட்டம் அரசுக்கு ஒரு வகையில் தாராளம் காட்டுகிறது. மத்திய, மாநில அரசுகள் தொடரும் வழக்குகளுக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 112-ஆவது இனம் பொதுவாக 30 ஆண்டுக் காலத்தை அளிக்கிறது. ஆயின் மேல்முறையீட்டில் இத்தகைய தாராளம் இல்லை. தீர்ப்பாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாளும், பிற நீதிமன்றங்களில் 30 நாளும் மட்டுமே எவருக்கும் உண்டு. அரசும் இதற்கு விலக்கன்று.

தாமதத்திற்குப் போதிய காரணம் காட்டினால் அதை மன்னிக்கலாம் என்கிறது அச்சட்டத்தின் 5-ஆவது பிரிவு. 1987-இல் அனந்தநாக் நில எடுப்பு ஆட்சியரின் மேல்முறையீட்டில், நான்கு நாள் தாமதத்தை மன்னித்த உச்ச நீதிமன்றம், இப்பிரிவைத் தாராள மனப்பான்மையுடன் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அரசு அலுவலகங்களில் கோப்பு பல கைகள் மாறுவதால் நேரும் தாமதத்தையும் நீதிமன்றங்கள் கருத்திற் கொண்டு வந்தன.

இந்த நிலை பின்னர் மாறியது. 2012-இல் அஞ்சல் துறை தொடர்பான ஒரு வழக்கில் மேல்முறையீடு 427 நாள் தாமதமாக வந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கவே துறை ஏறத்தாழ நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டிருந்தது. கோப்பு ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் தங்கியது என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தது. நவீனத் தொழில்நுட்பம் வந்துவிட்ட காலத்தில், கோப்பு நகர்வதைக் காரணமாகக் காட்டுவது ஏற்கத்தக்கதன்று என்று கூறி மன்னிக்க மறுத்தது. காலவரம்புச் சட்டம் அரசு உட்பட அனைவரையும் கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2020-இல் மத்தியப் பிரதேச அரசின் மேல்முறையீடு ஒன்று 663 நாள் தாமதமாக வந்தபோது, உச்ச நீதிமன்றம் ரூ.25,000 செலவுத் தொகை விதித்து, பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே அதை வசூலிக்கப் பணித்தது. மேல்முறையீடு தள்ளுபடியாகும் என்று அறிந்தே, தள்ளுபடி ஆணையைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்வதற்காக மட்டும் சில அதிகாரிகள் நீதிமன்றத்தை நாடுகின்றனர் என்பதையும் நீதிமன்றம் வெளிப்படையாகக் கண்டித்தது.

நடுவர் தீர்ப்புகளில் கண்டிப்பு இன்னும் அதிகம். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, நடுவர் தீர்ப்பைத் தள்ளக் கோரும் மனுவை மூன்று மாதத்திற்குள் தாக்கல் செய்தல் வேண்டும். போதிய காரணமிருந்தால் மேலும் 30 நாள். அதற்குப் பின் ஒரு நாளும் இல்லை. இந்த மூன்று மாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதே தென்னக ரயில்வேக்கும் டெக்கோ திருச்சி என்ஜினியர்ஸ் என்னும் ஒப்பந்த நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில் கேள்வியாயிற்று. நடுவர் தீர்ப்பின் நகல் முதலில் பொது மேலாளர் அலுவலகத்தின் உள்வரவுப் பிரிவைச் சேர்ந்தது. ஒப்பந்தத்தைக் கவனித்து வந்த தலைமைப் பொறியாளரின் கைக்குச் சில நாட்கள் கழித்தே வந்தது. ரயில்வே போன்ற மிகப் பெரிய அமைப்பில், அவ்வழக்கை நேரில் அறிந்து முடிவெடுக்கக்கூடிய அதிகாரிக்கு நகல் கிடைத்த நாளே கணக்கிற்குரியது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் கருதியது. ரயில்வேக்குச் சாதகமாக முடிந்த இவ்வழக்கு தரும் பாடம் எச்சரிக்கைக்குரியது. தபால் பிரிவில் ஒரு உறை ஒரு வாரம் கிடந்ததால் ஒரு துறை உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

மேல்முறையீட்டிற்குரிய 90 நாட்களை முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது நலம். எடுத்துக்காட்டாக, தீர்ப்பு நாளன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகல் தயாராகப் பிடிக்கும் காலம் சட்டப்படி கணக்கிலிருந்து நீக்கப்படும், ஆனால் விண்ணப்பிக்காமல் கழித்த நாள் நீக்கப்படாது. வழக்கறிஞரின் கருத்துக்கு 10 நாள், துறையின் முடிவுக்கு 15 நாள், சட்ட விவகாரத் துறையின் ஆலோசனைக்கு 15 நாள், மனு வரைவுக்கும் சரிபார்ப்புக்கும் 20 நாள் என வைத்தால் மொத்தம் 60 நாள். எஞ்சிய 30 நாள் எதிர்பாராத தடைகளுக்கு ஒதுக்கப்பட்டதாகும். இப்பங்கீடு கோப்பின் முகப்பிலேயே எழுதப்பட்டிருந்தால், கோப்பைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும் தமக்குரிய கெடுவை அறிவர்.

மேல்முறையீடு செய்வதா, வேண்டாமா?

சட்டப் பிரிவின் அறிவுக்கும் துணிவுக்கும் உண்மையான சோதனை இக்கேள்வியில்தான் உள்ளது. தோல்வியுற்ற வழக்கில் மேல்முறையீடு செய்யுமாறு குறிப்பு எழுதுவது எளிது. பின்னர் எவரும் குறை கூறமாட்டார். வேண்டாம் என்று எழுதுவதற்கோ பொறுப்பேற்கும் மனம் தேவை. இதனால்தான் தேவையற்ற மேல்முறையீடுகள் பெருகுகின்றன.

வரித் துறையின் அனுபவம் இதற்குச் சான்று. 2017-18-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகிய மூன்று நிலைகளிலும் வரித் துறையின் வெற்றி விகிதம் 30 சதவீதத்திற்கும் குறைவு எனக் காட்டியது. நேர்முக வரிகளில், நிலுவையிலிருந்த வழக்குகளுள் 0.2 சதவீதம் மட்டுமே மொத்தக் கோரிக்கைத் தொகையில் ஏறத்தாழ 56 சதவீதத்தைக் கொண்டிருந்தது. மறுபுறம், ஒவ்வொன்றும் ரூ.10 இலட்சத்திற்குக் குறைவான வழக்குகள் எண்ணிக்கையில் 66 சதவீதமாக இருந்தும், தொகையில் 1.8 சதவீதமே. அலுவலர்களின் உழைப்பில் பெரும்பகுதி சிறு தொகைகளுக்காகவே செலவாயிற்று என்பது தெளிவு.

இதையொட்டி, குறிப்பிட்ட தொகைக்குக் கீழ்ப்பட்ட வழக்குகளில் துறை மேல்முறையீடு செய்யலாகாது என்னும் வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2018-இல் தீர்ப்பாயத்திற்கு ரூ.20 இலட்சம், உயர் நீதிமன்றத்திற்கு ரூ.50 இலட்சம், உச்ச நீதிமன்றத்திற்கு ரூ.1 கோடி என இருந்த வரம்பு, 2019-இல் முறையே ரூ.50 இலட்சம், ரூ.1 கோடி, ரூ.2 கோடி ஆயிற்று. 2024 செப்டம்பரில் ரூ.60 இலட்சம், ரூ.2 கோடி, ரூ.5 கோடி என உயர்ந்தது. தனியொரு அதிகாரி எடுக்கத் தயங்கும் முடிவை, பொது விதியே எடுத்துத் தருவது இம்முறையின் சிறப்பு.

தொகை வரம்பு இல்லாத துறைகளில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இப்பொருளில் சட்டநிலை ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தால் முடிவு செய்யப்பட்டதா? தீர்ப்பு இந்த ஒருவரை மட்டும் பாதிக்கிறதா, அல்லது பலருக்கும் முன்மாதிரியாகுமா? வழக்கை நீட்டிப்பதால் ஏறும் வட்டியும் செலவும், வென்றால் கிடைக்கும் தொகையோடு ஒப்பிடத் தக்கவையா? நில எடுப்பில் இக்கடைசிக் கேள்வி முக்கியமானது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்தைக் கையகப்படுத்து முன் செலுத்தப்படாத இழப்பீட்டிற்கு முதலாண்டில் 9 சதவீதமும், அதன் பின் 15 சதவீதமும் வட்டி உண்டு. தாமதம் இங்கே நேரடியாகப் பணமாகிறது.

ஊழியர் வழக்குகளில் மற்றொரு நெறியும் உண்டு. ஓர் ஊழியருக்கு நீதிமன்றம் அளித்த நிவாரணத்தை, அதே நிலையிலுள்ள பிறருக்கும் பொதுவாக அளித்தல் வேண்டும் என்றும், நெடுங்காலம் வாளாவிருந்தவர்கள் போன்ற சிலரே அதற்கு விலக்கு என்றும் 2014-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய நிருவாகத் தீர்ப்பாயத்தில் ஒருவர் பெற்ற ஆணை உறுதியானபின், அதே கோரிக்கையுடன் வரும் ஒவ்வொருவரையும் தனித்தனியே வழக்குத் தொடரச் செய்வது நியாயமும் அன்று, சிக்கனமும் அன்று.

அரசுக்குள்ளேயே எழும் தகராறுகள்

அரசின் துறைகளும் பொதுத் துறை நிறுவனங்களும் தமக்குள்ளேயே வழக்காடுவது பொதுப் பணத்தை ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றுவதற்காகச் செலவிடுவதாகும். 1991-இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையத்தின் வழக்கில், இத்தகராறுகளை முதலில் ஓர் உயர்மட்டக் குழுவின் முன் வைக்க உச்ச நீதிமன்றம் பணித்தது. நோக்கம் நல்லதாயினும், குழுவின் அனுமதிக்காகக் காத்திருந்ததால் காலதாமதம் மிகுந்தது. எனவே 2011-இல் நீதிமன்றமே அவ்வேற்பாட்டைத் திரும்பப் பெற்றது. வரித் தகராறுகள் போன்றவை நீங்கலாக, பொதுத் துறை நிறுவனங்களுக்கு இடையிலும் அவற்றிற்கும் அரசுத் துறைகளுக்கும் இடையிலும் எழும் வணிகத் தகராறுகளுக்கென 2018-இல் இரண்டடுக்கு நிருவாக முறை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தகராறு எழும்போதே இவ்வழியை நினைவூட்டுவது சட்டப் பிரிவின் கடமை.

தீர்ப்பை நிறைவேற்றுதல்

தீர்ப்பு வந்தவுடன் துறை எடுக்கக்கூடிய முடிவுகள் இரண்டே: நிறைவேற்றுதல், அல்லது மேல்முறையீடு செய்து தடையாணை பெறுதல். இரண்டும் இன்றி வாளாவிருப்பதே நீதிமன்ற அவமதிப்பிற்கு இட்டுச் செல்கிறது. மேல்முறையீடு தாக்கல் செய்யப்பட்டது என்பதனாலேயே தீர்ப்பின் செயற்பாடு நின்றுவிடுவதில்லை என்பதை அதிகாரிகள் பலர் உணர்வதில்லை. அரசின் மீதான தீர்ப்பாணையை, அதன் நாளிலிருந்து மூன்று மாதம் வரை நிறைவேற்றப்படாமல் இருந்தாலன்றி, கட்டாயமாக நிறைவேற்ற இயலாது என்கிறது 82-ஆவது பிரிவு. அந்த மூன்று மாதமும் செயலுக்குரிய காலமே.

அதிகாரிகளை நேரில் வரவழைக்கும் வழக்கம் குறித்து, 2024 சனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறை ஒன்றை வகுத்தது. உறுதிமொழி ஆவணத்தால் விளங்கக்கூடியதற்கு அதிகாரி நேரில் வரவேண்டியதில்லை என்றும், தேவைப்படினும் முதலில் காணொளி மூலம் வாய்ப்பளிக்கலாம் என்றும் அது கூறியது. இச்சலுகை, ஆவணங்களை உரிய காலத்தில் தாக்கல் செய்யும் துறைக்கே உண்மையில் பயன்படும்.

பதிவேடும் பணியாளரும்

மத்திய அரசின் வழக்குகளை ஒரே இடத்தில் பதிந்து கண்காணிக்க 'லிம்ப்ஸ்' எனப்படும் கணினி வழி ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. வழக்கு எண், அடுத்த விசாரணை நாள், பொறுப்பான அதிகாரி, வழக்கறிஞர் ஆகிய விவரங்களை இதில் காணலாம். ஆயினும் கணினி, தனக்கு அளிக்கப்பட்டதையே காட்டும். ஒவ்வொரு விசாரணைக்குப் பின்னரும் அன்றே விவரம் பதியப்படாவிட்டால், பழைய செய்தியைப் புதிய வேகத்தில் தருவதே அதன் பயனாக முடியும்.

பணியாளர் அடிக்கடி மாற்றப்படுவது சட்டப் பிரிவின் பெருங்குறை. வழக்கு பத்தாண்டு நடக்கும். அதைக் கவனிக்கும் அதிகாரி மூன்றாண்டில் மாறுவார். எனவே ஒவ்வொரு முக்கிய வழக்கிற்கும் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று கோப்பின் முன்பகுதியில் இருக்க வேண்டும். வழக்கு எதைப் பற்றியது, அரசின் நிலை என்ன, ஏன் அந்நிலை எடுக்கப்பட்டது, இதுவரை நடந்தவை யாவை, அடுத்து செய்ய வேண்டியது யாது என்பவை அதில் அடங்கும்.

ஆலோசனை கோரும் குறிப்பும் கவனத்திற்குரியது. "சட்ட ஆலோசனைக்காக" என்ற ஒரே சொற்றொடருடன் கோப்பை அனுப்பினால், வரும் விடையும் பொதுப்படையாகவே இருக்கும். உண்மைகள், விதிகள், துறையின் கருத்து, ஐயம் எழுந்த இடம் ஆகியவற்றைக் கூறி, இறுதியில் கேள்வியைத் தெளிவாக எழுதுவதே முறை. அது போலவே, விரும்பும் விடையைத் தருமாறு சட்ட அலுவலரை வற்புறுத்துவதும் ஆகாது. துறையின் விருப்பத்தை அறிந்து அதற்கேற்ப எழுதப்படும் ஆலோசனை, நீதிமன்றத்தில் முதல் நாளிலேயே உடைந்து விடும்.

தோல்வி தரும் பாடம்

வழக்குகளைக் குறைக்கும் வழி, இறுதியில், நிருவாகத்தைத் திருத்துவதே. ஒரே விதியைக் குறித்து மீண்டும் மீண்டும் துறை தோற்குமாயின், குறை வழக்கறிஞரிடம் இல்லை, விதியில் உள்ளது. ஆண்டுக்கு ஒரு முறை, தோற்ற வழக்குகளைப் பொருள் வாரியாகத் தொகுத்து, எந்தச் சுற்றறிக்கை தெளிவற்றது, எந்த ஒப்பந்த வாசகம் இருபொருள் படுவது, எந்த ஒழுங்கு நடவடிக்கையில் விசாரணை முறை பிறழ்ந்தது என்று துறைத் தலைவருக்கு அறிக்கை தருவது சட்டப் பிரிவின் மிகப் பயனுள்ள பணியாகும். 2010-இல் வெளியிடப்பட்ட தேசிய வழக்காடல் கொள்கை, அரசு திறமையும் பொறுப்பும் வாய்ந்த வழக்காடியாக விளங்க வேண்டும் என்னும் குறிக்கோளை வைத்தது. 2025 ஏப்ரலில் சட்ட விவகாரத் துறை வெளியிட்ட நெறிமுறையும், தேவையற்ற மேல்முறையீடுகளைக் குறைப்பதையும், வழக்கிற்குக் காரணமாகும் அறிவிக்கைகளிலும் ஆணைகளிலும் உள்ள முரண்களைக் களைவதையும் வலியுறுத்துகிறது.

1973-இல் ரயில்வே ஊழியர் ஒருவரின் ஊதியம் பற்றிய வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், எப்படியேனும் வென்றுவிட வேண்டும் என்று எண்ணும் சாதாரண வழக்காடியைப் போல அரசு நடந்துகொள்ளலாகாது என்று சுட்டிக்காட்டினார். நியாயமான கோரிக்கையை நிறைவேற்றுவதும், நியாயமற்றதை உறுதியுடன் எதிர்ப்பதும் அரசின் இரு கடமைகள். இவ்விரண்டில் எது எந்த வழக்கிற்குப் பொருந்தும் என்பதை, கோப்பு முதன்முதலாகத் தன் மேசைக்கு வந்த நாளிலேயே ஆராய்ந்து சொல்லக்கூடிய சட்டப் பிரிவு துறைக்கு வலிமை தரும்; அத்துறையின் வாயிலில் காத்திருக்கும் குடிமகனுக்கும் காலத்தில் கிட்டும் நீதியைத் தரும்.